எந்த இலந்தை, எப்போது, எப்படி?

மார்கழி பிறந்தால் திருவொற்றியூரில் இரண்டு இலந்தைகள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, தேரடிப் பக்கமும் மார்க்கெட் பக்கமும் தள்ளுவண்டியில் பச்சைப் பசேலென்று அடுக்கி, கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் ஆப்பிள் இலந்தை. மற்றது, பள்ளிக்கூட வாசலில் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்கும் நாட்டு இலந்தை. மஞ்சளும் பழுப்புமாகச் சுண்டுவிரல் நுனி அளவில் இருக்கும். முன்னதைப் பழம் என்று வீட்டுக்கு வாங்கிப் போகிறார்கள். பின்னதைப் பிள்ளைகளின் தீனி என்று ஒதுக்குகிறார்கள். இந்தத் தீர்ப்பு எவ்வளவு சரி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலந்தையைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை பழத்தின் குறைகள் அல்ல. இனம் தெரியாமலும் பருவம் தப்பியும் தின்பதால் வருபவை. இனம் தெரிந்து, மரத்திலேயே முற்றிய பின் பறித்து, அந்தப் பருவத்துக்கு ஏற்ற வகையில் உண்டால் நாட்டு இலந்தை எந்தப் பழத்துக்கும் குறைந்ததல்ல. இதற்கான சான்றுகளை இனம், பருவம், உணவு என்ற வரிசையில் பார்த்துவிட்டு, எதிர்வாதங்களுக்கு வருவோம்.

முதலில் மரத்தை அறிவோம். இலந்தையைப் பழத்தை வைத்து அடையாளம் காண்பதைவிட இலையையும் கிளையையும் வைத்துக் காண்பது எளிது. சிறு கிளை நேராகப் போகாது. கணுவுக்குக் கணு இடமும் வலமுமாக மடங்கி மடங்கிப் போகும். கணுக்களில் முட்கள் இருக்கும். பல கணுக்களில் முள் இரட்டையாக வரும். ஒன்று நேராக நீட்டி நிற்க, மற்றொன்று பின்னோக்கிக் கொக்கிபோல் வளைந்திருக்கும். கையை உள்ளே விடும்போது குத்துவது நேர்முள், வெளியே இழுக்கும்போது பிடித்துக்கொள்வது வளைமுள். இலை முட்டை வடிவில், நுனி மழுங்கி, இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். மேற்புறம் கரும்பச்சையாகப் பளபளக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெள்ளை அல்லது வெளிர் பழுப்பு நிறத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். காம்பு சேரும் இடத்திலிருந்து மூன்று நரம்புகள் ஒன்றாகப் புறப்பட்டு நுனி நோக்கி ஓடும். மடங்கும் கிளை, கணுமுள், வெளுத்த அடிப்புறம், மூன்று நரம்பு ஆகிய நான்கும் ஒரே மரத்தில் சேர்ந்திருந்தால் அது இலந்தைதான் என்று நம்பலாம். பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இலைக்கக்கத்தில் பசுமஞ்சளாக, ஐந்து இதழோடு, கடுகைவிடச் சற்றுப் பெரிதாகக் கொத்தாக இருக்கும். வாசம் இனிமையாக இராது. ஈக்களையும் குளவிகளையும் தேனீக்களையும் அழைப்பது அந்த வாசம்தான்.

இதே பேரினத்தில் தமிழ்நாட்டுக் காடுகளிலும் மேடுகளிலும் வேறு செடிகளும் உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சூரை என்பது ஏறிப் படரும் முட்புதர். அதன் பழம் சிறுமணியாகக் கறுத்துப் பளபளக்கும். அதையும் தின்னலாம், ஆனால் சதை மிகக் குறைவு. கொட்டை இலந்தையின் காய் கட்டையாக இறுகிவிடும்; அது உண்பதற்கு ஆகாது. பெரிய குழப்பம் சீன இலந்தையால் வருகிறது. உலர்பழக் கடைகளில் சிவந்து சுருங்கிய பேரீச்சைபோல் விற்கும் அது வேறு இனம். குளிர்நாட்டு மரமான அது பனிக்காலத்தில் இலையுதிர்க்கும். இலையின் அடிப்புறத்தில் ரோமமும் இராது. நல்ல உறக்கம் தரும், நரம்புத் தளர்ச்சி போக்கும் என்று இணையத்திலும் வார இதழ்களிலும் இலந்தைக்கு ஏற்றிச் சொல்லப்படும் மருத்துவப் பெருமைகளில் பல, சீன மருத்துவ மரபில் அந்த இனத்தின் பழத்துக்கும் அதன் உறவினத்தின் விதைக்கும் சொல்லப்பட்டவை. அவற்றை நம் ஊர் இலந்தையின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது நேர்மையல்ல. நம் இலந்தைக்கு இரவல் பெருமை தேவையும் இல்லை. தள்ளுவண்டி ஆப்பிள் இலந்தையோ வேறு இனம் அன்று. நாட்டு இலந்தையின் பெருங்காய் வகையே அது. தாய்லாந்து வழியாக வந்து, கடந்த சில ஆண்டுகளில் இந்தியச் சந்தையில் பரவியது. அதற்கு முன்பே கோலா, உம்ரான், கைத்லி, பனாரசி போன்ற ஒட்டு வகைகள் வட இந்தியாவில் புகழ்பெற்றிருந்தன. இங்கேயும் வறண்ட நிலத் தோட்டங்களில் அவற்றை நட்டார்கள். இத்தனையும் ஒரே இனத்தின் பிள்ளைகள் என்றாலும் பழுக்கும் விதத்தில் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை.

பருவம்தான் இந்த விவாதத்தின் மையம். தமிழ்நாட்டில் இலந்தை ஆடி, ஆவணியிலிருந்து பூக்கத் தொடங்குகிறது. பூத்த பின் காய் முற்றிப் பழமாக நான்கைந்து மாதம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் காய்க்கு நீர் கிடைக்கிறது. மழை ஓய்ந்து வெயிலும் பனியும் மாறி மாறி வரும் மார்கழி, தையில் சதைக்குள் இனிப்பு ஏறுகிறது. மாசியில் பருவம் முடிந்துவிடும். ஒரு மரத்துக் காய்கள் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. பூ பல வாரங்கள் பூப்பதால் பழமும் பல வாரங்கள் பழுக்கும். ஒரே கிளையில் பச்சைக்காய், செங்காய், பழம், வற்றல் நான்கையும் பார்க்கலாம். தோட்டக்காரர்கள் நான்கைந்து தடவையாகப் பறிப்பது இதனால்தான். கழியால் அடித்து உலுக்கி ஒரே நாளில் பறித்தால் பாதி கூடை பழுக்காத காயாகத்தான் இருக்கும். சந்தைக்கு வரும் மலிவு இலந்தை துவர்க்கிறது என்ற புகாருக்கு முதல் காரணம் இந்த உலுக்கல்தான்.

முற்றாத காயை வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கலாமே என்று கேட்கலாம். வாழையிலும் மாவிலும் அது நடக்கிறது. அவற்றின் காயில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறுகிறது. இலந்தையில் அந்தச் சேமிப்பு சொற்பம். நன்றாக முற்றி நிறம் திரும்பிய காயைப் பறித்து வைத்தால் மஞ்சள் ஏறும், சதை மெத்தென்று ஆகும். முற்றாத பச்சைக்காயை வைத்தால் வாடிச் சுருங்குமே தவிர இனிக்காது. மரத்தில் சேராத இனிப்பு வைக்கோலில் பொத்தி வைத்தாலும் வராது. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது ஏமாற்றத்தில்தான் முடியும். மருந்து தெளித்தும் புகை போட்டும் மஞ்சளை வரவழைக்க முடியும். பழங்களைக் கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பதை நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருப்பதும் பழச் சந்தையில் இப்படிப்பட்ட குறுக்குவழிகள் இருப்பதால்தான்.

நிறத்தோடு வேறு எதைப் பார்ப்பது? நாட்டு இலந்தையில் மஞ்சள் என்பது தொடக்கம் மட்டுமே. மஞ்சளில் புளிப்பு மிகுதி, மொறுமொறுப்பும் உண்டு. மஞ்சளின் மேல் செம்பழுப்புத் திட்டுகள் படர்ந்து பாதிப் பழத்தை மூடும்போது புளிப்பும் இனிப்பும் சமமாக நிற்கும். தின்பதற்கு அதுவே உச்சம். முழுதும் பழுப்பாகி, தோல் லேசாகச் சுருங்கி, அழுத்தினால் விரல் பதியும் நிலையில் சதை மாவாகிவிடும். இனிப்பு கூடும், மணம் எழும், நீர்ப்பதம் போய்விடும். அந்த நிலைப் பழம் அழுகல் அன்று, உலர்த்தவும் இடிக்கவும் உரியது. ஆப்பிள் இலந்தைக்கு இந்த விதி பொருந்தாது. அதைப் பழுப்பாகும் வரை விட்டால் சதை வெண்டாகிச் சுவை போய்விடும். கரும்பச்சை வெளுத்து, தோல் வழவழப்பாகி, பசுமையில் இளமஞ்சள் ஓடும்போது தின்ன வேண்டும். கரும்பச்சையாக, கல்போல் கனத்து இருப்பதை வாங்கினால் நாக்கு துவர்ப்பில் இறுகும். வண்டிகளில் அவ்வாறான காய்களும் கலந்து வருவதால்தான் சிலர் ஆப்பிள் இலந்தையைச் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள், சிலர் தேன் என்கிறார்கள். இரண்டு பேரும் தின்றது ஒரே வகையை, வேறு வேறு பருவத்தில்.

பருவம் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டுப் பழக்கவழக்கங்களே சாட்சி சொல்கின்றன. வங்கத்தில் சரஸ்வதி பூஜைக்கு முன் மாணவர்கள் இலந்தை தின்னக் கூடாது என்பது வழக்கம். தின்றால் படிப்பு வராது என்று பிள்ளைகளை அச்சுறுத்துவார்கள். பூஜை வருவது வசந்த பஞ்சமியில்; அங்கே பழம் பழுப்பதும் அப்போதுதான். பழுக்காத காயைப் பிள்ளைகள் பறித்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. தெலுங்குக் குடும்பங்களில் போகியன்று சிறு குழந்தைகளை மணையில் உட்காரவைத்து, இலந்தைப் பழத்தோடு பூவிதழும் காசும் கரும்புத் துண்டும் கலந்து தலைமேல் சொரிவார்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை தலைமுறைகளாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் வாழ்வதால் வடசென்னைக்கு இது அயலூர்ச் சடங்கு அன்று. மகாராஷ்டிரத்திலும் சங்கராந்தியை ஒட்டிக் குழந்தைகளுக்கு இதேபோல் இலந்தை நீராட்டு உண்டு. மூன்று பழக்கங்களும் தை, மாசியை ஒட்டியே அமைந்தது தற்செயல் அன்று. சபரி கடித்துப் பார்த்துக் கொடுத்த இலந்தைக் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. வால்மீகியின் நூலில் இல்லாத அந்தக் கதை பிற்கால பக்தி மரபில் வளர்ந்தது. அதைப் பெருக்கியவர்கள் இலந்தையை அறிந்தவர்கள். ஒரே கிளைப் பழங்கள் ஒன்றுபோல் இனிப்பதில்லை, கடித்தால்தான் தெரியும் என்ற அனுபவம் இல்லாமல் அந்தக் கதைக்கு இலந்தையைத் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

இனி உணவு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை, 100 கிராம் இலந்தைச் சதையில் 76 மில்லிகிராம் வைட்டமின் சி இருப்பதாகக் காட்டுகிறது. அதே அட்டவணையில் ஆரஞ்சுக்கு 30, ஆப்பிளுக்கு 1. நெல்லிக்கும் கொய்யாவுக்கும் இலந்தை ஈடாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கிலோ 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆப்பிள் வாங்குவதுதான் பிள்ளைக்குச் சத்து என்று நினைக்கும் வீடுகள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். வைட்டமின் சி வெயிலிலும் சூட்டிலும் குறைந்துவிடும். அதற்காகத் தின்பவர்கள் பழத்தைப் புதிதாகத் தின்பதே சரி. தோலோடு தின்ன வேண்டிய பழம் இது. தோலை நீக்கினால் மிஞ்சுவது கொஞ்சமே. உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொள்வது புளிப்பு மிகுந்த மஞ்சள் பழத்துக்குப் பொருந்தும். செம்பழுப்புப் பழத்துக்கு ஒன்றும் தேவையில்லை.

மிகப் பழுத்த பழத்துக்குத் தமிழ்நாடு கண்ட அருமையான வழி இலந்தை வடை. பெயர் வடை என்றாலும் எண்ணெய்ச் சட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுருங்கத் தொடங்கிய பழங்களைப் பொறுக்கிக் கழுவி ஈரம் போக உலர்த்தி, வெல்லம், உப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் சேர்த்து உரலில் இடிப்பார்கள். கொட்டை நொறுங்கினாலும் நொறுங்காவிட்டாலும் அப்படியே இருக்கும். இடித்த விழுதைக் கையில் உருட்டித் தட்டி, பாயில் பரப்பிச் சில நாள் வெயில் காட்டுவார்கள். மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும்போது எடுத்துவைத்தால் மாதக் கணக்கில் கெடாது. ஆந்திரத்திலும் இதே முறை உண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில், ஜாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மசாவு என்று அழைக்கப்படும் இதே பழத்தை உலர்த்திச் சேமித்து, பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். பலுசிஸ்தானின் மெஹர்கரில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த அடுக்குகளிலேயே இலந்தைக் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரைக் காத்த உணவைத் தீனி என்று ஒதுக்குவது நன்றியல்ல.

இனி எதிர்வாதங்கள். ஆப்பிள் இலந்தை கிடைக்கும்போது, கொட்டையே பாதியாக இருக்கும் நாட்டு இலந்தை எதற்கு என்பது முதல் கேள்வி. சதை அளவில் ஆப்பிள் இலந்தை வெல்லும். அதை மறுக்க முடியாது. பிள்ளைக்கு நறுக்கிக் கொடுக்கவும் அதுவே எளிது. ஆனால் புளிப்பும் மணமும் நாட்டு இலந்தைக்கே உரியவை. நீர் நிறைந்த பெருங்காயை இடித்து வடை தட்டினால் அந்தச் சுவை வராது. அதோடு, பெருங்காய் மரம் பிழைப்பதே நாட்டு மரத்தின் வேரில்தான். காட்டு இலந்தைக் கன்றில் மொட்டுக் கட்டித்தான் ஒட்டு வகைகளை வளர்க்கிறார்கள். வறட்சியையும் உவர் மண்ணையும் தாங்குவது அந்த நாட்டு வேர். நாட்டு மரங்களை வெட்டித் தீர்த்துவிட்டு ஆப்பிள் இலந்தையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. பெரியது வேண்டும் என்பவரும் சிறியதைக் காக்கவே வேண்டும்.

புழு இருக்கிறது, தின்றால் சளி பிடிக்கும் என்பது இரண்டாவது. புழு உண்மை. இலந்தைக்கென்றே ஒரு பழ ஈ உண்டு. இளங்காயின் தோலில் துளையிட்டு முட்டை வைக்கும். புழு கொட்டையைச் சுற்றித் தின்று, வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகும். கோணலாக வளர்ந்த காயையும், கறுத்த புள்ளியைச் சுற்றிக் குழைந்த காயையும் ஒதுக்கிவிட வேண்டும். மீதியைக் கடிப்பதற்கு முன் கையால் இரண்டாகப் பிளந்து பார்த்தால் போதும். கீழே உதிர்ந்து கிடப்பதைவிடக் கிளையில் பறித்ததே நல்லது. சளியைப் பொறுத்தவரை, பழம் வரும் மாதமும் பனி கொட்டும் மாதமும் ஒன்றாக இருப்பதால் பழி பழத்தின் மேல் விழுகிறது. துவர்க்கும் பச்சைக்காயை வயிறு முட்டத் தின்ற பிள்ளைக்குத் தொண்டை கரகரப்பதும் மலம் கட்டுவதும் உண்டு. அது காயின் குற்றம், கனியின் குற்றம் அன்று. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வழுக்கும் அந்தக் கெட்டிக் கொட்டை சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குக் கொட்டை எடுத்த சதையை மட்டும் தர வேண்டும். போகிப் பழத்தைத் தலையில் சொரிந்த கையோடு பொறுக்கி எடுத்துவிடுவதும் அவசியம்.

மூன்றாவது எதிர்வாதம் இந்த ஊரைப் பொறுத்தவரை மிகக் கனமானது. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வட்டாரத்தின் மண்ணிலும் காற்றிலும் வளர்ந்த பழத்தைத் தின்னலாமா? கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலைகள், சுத்திகரிப்பு ஆலைகள், அனல் மின் நிலையச் சாம்பல் எல்லாம் இங்கே உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியதை ஊர் மறக்கவில்லை. இலந்தை எந்த மண்ணிலும் வளரும் மரம். தரிசிலும் குப்பை மேட்டிலும் தானாக முளைக்கும். மரம் பிழைத்திருப்பது மண் சுத்தமானது என்பதற்குச் சான்றாகாது. தோலில் படிந்த தூசியைக் கழுவலாம். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் உலோகத்தைக் கழுவ முடியாது. ஆகவே லாரிச் சாலை ஓரத்திலும், ஆலை மதிலை ஒட்டியும், சாம்பல் கொட்டிய நிலத்திலும் நிற்கும் மரத்துப் பழத்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்ன விடக் கூடாது. ஆனால் இதை வைத்து இலந்தையையே விலக்குவது தவறு. குற்றம் மண்ணைக் கெடுத்தவர்களுடையது. வறண்ட மேட்டு நிலத்திலிருந்து வரும் பழத்தை விற்பவரிடம் எந்த ஊர்ப் பழம் என்று கேட்டு வாங்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசித் தின்னலாம். பிள்ளைகள் தெருமரத்துப் பழத்தைப் பயமில்லாமல் தின்னும் ஊராகத் திருவொற்றியூர் மீள வேண்டும் என்பது சூழலுக்காகப் போராடுகிறவர்களின் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும்.

எஞ்சியிருப்பது மதிப்பைப் பற்றிய தயக்கம். 1968-இல் வெளிவந்த ‘பணமா பாசமா’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டு இலந்தைப் பழத்தைத் தமிழ்நாடு முழுதும் பேசவைத்தது. கூடையில் சுமந்து விற்கும் மலிவுப் பழம் என்ற முத்திரையும் அதோடு அழுத்தமாக விழுந்தது. மலிவு என்பதால் மதிப்புக் குறையுமா? திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் மகிழம் எப்படித் தலமரமோ, அப்படியே நாகை மாவட்டம் கீழ்வேளூர்க் கோயிலில் இலந்தை தலமரம். ஆழ்வார்கள் பாடிய வதரியாகிய பத்ரிநாத்தும் இலந்தை வனம் என்றே அறியப்பட்டது. ஏழைக்கு எட்டும் விலையில் கிடைப்பதைக் குறையாகக் கருதும் மனம்தான் மாற வேண்டும், பழம் அல்ல.

முடிவாகச் சொல்லத் தக்கவை இவை. நாட்டு இலந்தையை மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடு வரை வாங்குங்கள். முழுமஞ்சளைவிடச் செம்பழுப்பு படர்ந்ததைப் பொறுக்குங்கள். ஆப்பிள் இலந்தையில் வெளுத்த பச்சையைத் தேர்ந்தெடுங்கள். பச்சைக்காயை வீட்டில் பழுக்கவைக்கலாம் என்று நம்பி வாங்காதீர்கள். கழுவுங்கள், பிளந்து பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டை நீக்கிக் கொடுங்கள். சுருங்கிய பழத்தை எறியாமல் வடை தட்டுங்கள். மாசு இல்லாத பள்ளி வளாகமோ வீட்டுப் பின்கட்டோ உள்ளவர்கள் ஒரு நாட்டு இலந்தைக் கன்று நட்டு, கோடையில் கவாத்து செய்துவந்தால் போதும். புதுக் கிளையில்தான் அது காய்க்கும், வேறு பெரிய பராமரிப்பு கேட்காது. பள்ளி வாசலில் சாக்கு விரித்து விற்கும் அம்மாவிடம் இந்தத் தையில் ஒரு கூறு வாங்கி வீட்டில் எல்லோரும் தின்னுங்கள்.